லாக்டிக் அமிலம்: முதன்முறை கையாளுபவருக்கான படிகள்

88 சதவீதம் என்று எழுதிய சமையல் தர அமிலக் குப்பி, 10 சதவீதம் என்று எழுதிய முகச் சீரம், ஒரு கிண்ணம் தயிர். மூன்றிலும் இருப்பது ஒரே லாக்டிக் அமிலம்தான். முதலாவது தோலில் பட்டால் வெந்துபோகும். இரண்டாவதை இரவில் பூசிக்கொள்ளலாம். மூன்றாவதைச் சாப்பிடலாம், முகத்தில் பூசினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இந்த வேறுபாடு பிடிபடாதவரை முகம் எரியும், ஜாடியில் காய்கறி அழுகும், ஓடிய மறுநாள் தொடை வலித்தால் பழி அமிலத்தின் தலையில் விழும். கீழே உள்ள படிகளை வரிசையாகப் படியுங்கள். முதல் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றவை புரியாது.

1. முதலில் மூன்று எண்கள்

சதவீதம், பிஎச், நேரம். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். நேரம் எவ்வளவு என்பதை அந்தந்தப் படியில் சொல்கிறேன். புதியவர்கள் சதவீதத்தை மட்டும் பார்ப்பார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

லாக்டிக் அமிலத்துக்கு 3.86 என்று ஓர் எண் உண்டு. கரைசலின் பிஎச் 3.86 ஆக இருந்தால், அதிலுள்ள அமிலத்தில் சரிபாதி வேலை செய்யும் அமில வடிவில் இருக்கும். மறுபாதி லாக்டேட் என்ற உப்பு வடிவுக்குப் போயிருக்கும். பிஎச் 3.5 என்றால் சுமார் 70 சதவீதம் அமில வடிவம். பிஎச் 5 என்றால் 7 சதவீதம் மட்டுமே. ஆக, பிஎச் 3.8இல் உள்ள 5 சதவீத சீரத்தில் இருக்கும் வீரியத்தில் ஏறத்தாழ கால்பங்குதான் பிஎச் 5இல் உள்ள 10 சதவீத சீரத்தில் இருக்கும். பெரிய எண் போட்ட குப்பியை வாங்கிவிட்டு "எனக்கு வேலையே செய்யவில்லை" என்பவர்களில் பலரின் கதை இதுதான்.

தயிரையும் இதே கணக்கில் பாருங்கள். அதில் சுமார் 1 சதவீதம் லாக்டிக் அமிலம், பிஎச் 4 முதல் 4.6 வரை. அமில வடிவில் இருப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. முகத்தில் பூசினால் ஈரப்பசையும் குளிர்ச்சியும் கிடைக்கும். தோல் உரியும் என்று காத்திருக்க வேண்டாம்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டிய தாள்கள்

தனி அமிலமாக வாங்குவதென்றால் 80 அல்லது 88 சதவீதக் கரைசலாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். விற்பவரிடம் இரண்டு தாள்கள் கேளுங்கள். ஒன்று, அந்தத் தொகுதிக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ். அதில் சதவீதம், கன உலோக அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி இருக்கும். குப்பியில் உள்ள தொகுதி எண்ணும் தாளில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். மற்றொன்று பாதுகாப்புத் தரவுத் தாள். உணவுத் தரம் என்ற சொல் எழுத்தில் இல்லாவிட்டால் அது தொழிற்சாலைத் தரம் என்றே கொள்ளுங்கள். விலை மலிவாகத்தான் இருக்கும், ஆனாலும் சமையலறைக்குள் அதற்கு இடமில்லை.

உணவுப் பொட்டலங்களில் இ270 என்றிருந்தால் லாக்டிக் அமிலம். இ325, இ326, இ327 ஆகியவை முறையே சோடியம், பொட்டாசியம், கால்சியம் லாக்டேட். இவை உப்புகள், அமிலத்துக்குப் பதிலாகப் போட்டால் புளிக்காது.

பெயரைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு: லாக்டிக் அமிலம் வேறு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை வேறு. தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நுண்ணுயிர்களால் புளிக்கவைத்துத்தான் இந்த அமிலத்தை எடுக்கிறார்கள். லாக்டோஸ் ஒவ்வாதவர்கள் இதற்கு அஞ்சத் தேவையில்லை. பால் புரத ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களும் விலங்குப் பொருள் அறவே வேண்டாம் என்பவர்களும் எதிலிருந்து தயாரித்தது என்று ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கைக்குழந்தை உணவில் குப்பி அமிலத்தைச் சேர்க்கவே வேண்டாம். இந்த அமில மூலக்கூறு எல், டி என்று ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு வடிவங்களில் வரும்; குழந்தை உணவுக்கு எல் வடிவம் மட்டுமே ஏற்கப்படுகிறது. கடையில் கிடைக்கும் குப்பி இரு வடிவமும் கலந்ததாக இருக்கக்கூடும்.

3. எதற்குச் செலவழிப்பது

0.1 கிராம் வரை காட்டும் தராசு, வெப்பமானி, பிஎச் பார்க்க ஏதாவது ஒன்று. இவை போதும். தராசைத் தள்ளிப்போடாதீர்கள். உப்பைக் கரண்டியால் அளப்பது தோல்விக்கு நேர்வழி, ஏனென்றால் கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை காட்டும்.

1 முதல் 14 வரை காட்டும் பிஎச் தாளால் பயனில்லை. 4.2க்கும் 4.8க்கும் நிறவேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 0.2 அல்லது 0.3 இடைவெளியில் காட்டும் குறுகிய அளவுத் தாள் வாங்குங்கள். மீட்டர் வாங்கினால் 4.01, 7.00 ஆகிய இரண்டு சரிபார்ப்புக் கரைசல்களையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தச் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றில் தோய்த்துச் சரிபார்க்காத மீட்டர் காட்டுவது வெறும் எண்.

4. தயிர்: வெப்பம்தான் எல்லாம்

ஒரு லிட்டர் பாலை 85 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 20 நிமிடம் அதே சூட்டில் வைத்திருங்கள். கிருமிகளைக் கொல்ல மட்டுமல்ல. இந்தச் சூட்டில் பாலின் மோர்ப் புரதங்கள் விரிந்து, கேசின் என்ற முக்கியப் பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டியாவதற்குக் காரணம் அதுதான். பிறகு 43 டிகிரிக்கு ஆறவிட்டு 20 முதல் 30 கிராம் புதுத் தயிரைக் கலக்கி உறை ஊற்றுங்கள். 40 முதல் 44 டிகிரிக்குள் 5 முதல் 7 மணிநேரம் அசைக்காமல் வையுங்கள். பிஎச் 4.6ஐத் தொடும்போது கேசின் திரண்டு நிற்கும். உடனே குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டால் புளிப்பு அங்கேயே மட்டுப்படும்.

தோயவில்லை என்றால் பால் 50 டிகிரிக்கு மேல் இருந்தபோதே உறை ஊற்றியிருப்பீர்கள், அல்லது உறையே பழையதாக இருக்கும். சீக்கிரம் தோயட்டும் என்று உறையை அள்ளி ஊற்றினால் பால் வேகமாகப் புளித்து, மணல் மணலாக, தண்ணீர் விட்டு நிற்கும்.

5. உப்பில் புளிக்கும் காய்கறி: அவசரம் ஆகாது

வினிகர் ஊற்றுவதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே அமிலத்தை நீங்கள் ஊற்றுவதில்லை. காயில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதன் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. வேண்டாத கிருமிகளைத் தடுத்து இவற்றுக்கு வழிவிடுவது உப்பின் வேலை. தொடக்கத்திலேயே வினிகர் சேர்த்தால் அந்த வளர்ச்சியைத்தான் மட்டுப்படுத்துவீர்கள்.

முட்டைக்கோஸ் போன்ற நீர் விடும் காய்க்கு: மெல்லியதாக நறுக்கிய 1 கிலோவுக்கு 20 முதல் 22 கிராம் உப்பு. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்தால் தண்ணீர் விடும். கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, மேலே எடை வைத்து, காய் முழுவதும் அந்த நீருக்குள் மூழ்கியிருக்கும்படி பாருங்கள். ஜாடியின் மேல்பகுதியில் கால்வாசி காலியாக இருக்கட்டும்.

கேரட், வெள்ளரி போன்றவற்றுக்கு உப்புநீர் வேண்டும். ஜாடியை வெறுமையாக வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். காயும் தண்ணீரும் சேர்ந்த மொத்த எடையைப் பாருங்கள். அதில் 3 சதவீதம் உப்பு, வெள்ளரிக்கு 3.5 முதல் 5 சதவீதம். தண்ணீர் எடைக்கு மட்டும் கணக்குப் போட்டால், காய்க்குள் உப்பு இறங்கி நிலைபெற்றபின் அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அழுகிப்போகும் ஜாடிகளுக்குப் பின்னால் இந்தத் தவறு அடிக்கடி இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். குளோரமைன் என்ற கிருமிநாசினி கலந்த தண்ணீர் கொதித்தாலும் எளிதில் போகாது; வடிகட்டிய நீர் எடுங்கள். அயோடின் உப்பு கூடாது என்று சொல்வார்கள். அதிலும் புளிக்கும், கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருளால் நீர் சற்றுக் கலங்கும், அவ்வளவுதான்.

நேரம்: 18 முதல் 22 டிகிரியில் இரண்டாம் நாளிலிருந்து குமிழி வரும். இறுக்கமான மூடி என்றால் தினமும் ஒருமுறை திறந்து வாயுவை விடுங்கள். விடாவிட்டால் ஜாடி வெடிக்கலாம். ஒரு வாரத்தில் பிஎச் பாருங்கள். 4.6க்குக் கீழே இறங்கியே தீரவேண்டும், ஏனென்றால் அதற்கு மேலே பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. 4 அல்லது அதற்கும் கீழே இறங்குவதுதான் நல்ல அடையாளம். முட்டைக்கோஸ் முழுச்சுவைக்கு வர 3 முதல் 4 வாரம் பிடிக்கும். அறை 24 டிகிரிக்கு மேல் இருந்தால் வேகமாகப் புளித்துக் காய் குழைந்துவிடும். முடிந்ததும் 4 டிகிரி குளிரில் வையுங்கள்.

மேலே வெள்ளையாக, தட்டையாக, சுருக்கம் விழுந்த ஆடை படிந்தால் அது ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டு எடையைச் சரிசெய்தால் போதும், மணம் கொஞ்சம் குறையும். பஞ்சுபோல எழும்பி, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தால் பூஞ்சை. முழு ஜாடியையும் கொட்டுங்கள். மேலே மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம். பூண்டு நீலமாக மாறினால் பதறாதீர்கள், அமிலத்தில் அது இயல்பு. ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அறைச் சூட்டில் வைப்பது வேறு கதை. அங்கே அமிலமும் இல்லை, காற்றும் இல்லை. பாட்டுலிசத்துக்கு அது தோதான இடம்.

உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

6. குப்பி அமிலம் சமையலறையில்

கையுறை, கண்ணாடி இரண்டும் போடுங்கள். எப்போதும் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் அல்ல. அலுமினியப் பாத்திரம் ஆகாது.

5 சதவீதக் கரைசல் 100 கிராம் வேண்டுமென்றால், 80 சதவீத அமிலம் 6.3 கிராம், தண்ணீர் 93.7 கிராம். அடர் கரைசலில் அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும்; நீர்த்தபின் மெல்ல மெல்லப் பிரியும். அதனால் கலக்கிய உடனே காட்டும் பிஎச் சில நாளில் சற்று இறங்கலாம். மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பாலாடைக்கட்டிக்கு: 1 லிட்டர் பால் 85 டிகிரியில் இருக்கும்போது, 80 சதவீத அமிலம் சுமார் 3 மி.லி.யை 100 மி.லி. நீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் திரிந்து, நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்ததும் நிறுத்துங்கள். மீதி இருந்தால் இருக்கட்டும். அதற்கு மேல் ஊற்றினால் கட்டி ரப்பராகிப் புளிக்கும்.

ஆண்டுக்கணக்கில் வைக்கும் ஜாடி உணவுகளில் எலுமிச்சைச் சாற்றுக்குப் பதில் இதை உங்கள் கணக்கில் போடாதீர்கள். சோதித்து வெளியிட்ட செய்முறை சொல்லும் அமிலத்தை மட்டும் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் 5 சதவீதக் கரைசல் கெட்டிலில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்கும். பளிங்குக் கல்லில் பட்டால் அதையும் கரைக்கும். பிளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; குளோரின் வாயு வரும்.

7. தோல்

சமையல் குப்பியை நீர்க்கவைத்து முகத்தில் பூசும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். பிஎச் சரிசெய்யாத 10 சதவீதக் கரைசலின் பிஎச் 2ஐ ஒட்டி நிற்கும். வீட்டில் தோலில் விட்டுவைக்கும் பொருள்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே இறங்கக்கூடாது என்பதே பொதுவாகப் பின்பற்றும் எல்லை. 30 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள, தோலை உரிக்கும் பீல்கள் பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியவை.

லேபிளில் இதைப் பாருங்கள்: உள்ளடக்கப் பட்டியல் அளவு அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் இருக்கும், 1 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி வழக்கமாக 1 சதவீதத்துக்குள் இருக்கும். லாக்டிக் அமிலம் அதற்குப் பின்னால் வந்தால், பிஎச்சைச் சரிசெய்ய ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள் என்று பொருள். முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தொடங்கும் முறை: முன்கையின் உட்பக்கத்தில் தடவி 48 மணிநேரம் பாருங்கள். சிவப்போ தடிப்போ இல்லையென்றால் 5 சதவீதத்தில் தொடங்குங்கள். இரவில் முகம் கழுவி, நன்றாக உலரவிட்டு, கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் தவிர்த்துப் பூசுங்கள். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். மேலே மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 2 இரவு, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். தினமும் பூச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

காலையில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன். இந்த அமிலம் தோலை வெயிலுக்கு எளிதில் சிவக்கவைக்கும்; நிறுத்திய பின்னும் ஒரு வாரம் அந்தப் பாதுகாப்பு தேவை. சன்ஸ்கிரீன் போடச் சோம்பல் என்றால் அமிலத்தையே வாங்காதீர்கள்.

ஓரிரு நிமிடச் சுருக்கென்ற உணர்வு சரி. எரிந்தால் கழுவுங்கள். தோல் கண்ணாடிபோல மினுங்கி, இறுகி, வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்தால் அது பொலிவு அல்ல, மேல்தோல் அரண் சிதைந்திருக்கிறது. எல்லா அமிலங்களையும், ரெட்டினால் என்ற விட்டமின் ஏ பூச்சையும் நிறுத்திவிட்டு, மணமில்லாத மாய்ஸ்சரைசர் மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம். கருமை கூடிய தோலில் எரிச்சல் ஆறியபின் அந்த இடம் திட்டாகக் கறுக்கக்கூடும். ஆகவே அவர்கள் இன்னும் மெதுவாக ஏற வேண்டும்.

ரெட்டினால் பூசும் இரவில் இது வேண்டாம். மழித்த, வாக்ஸ் செய்த தோலில் அன்றைக்கும் மறுநாளும் வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். பலனை எட்டு வாரத்துக்கு முன் எடைபோடாதீர்கள்.

மேற்கையில் கோழித்தோல் போலச் சொரசொரப்பு, குதிகால் வறட்சி ஆகியவற்றுக்கு முகச் சீரம் வீண்செலவு. அமிலத்தின் உப்பு வடிவமான 12 சதவீத அம்மோனியம் லாக்டேட் லோஷனை மருந்துக் கடையில் கேளுங்கள், நாளுக்கு இரண்டு முறை. வெடிப்பில் பட்டால் எரியும்.

பெண்ணுறுப்பின் இயல்பான பிஎச் 3.8 முதல் 4.5, அதைக் காப்பதும் லாக்டிக் அமிலம்தான். அதற்கென்று செய்த ஜெல்கள் உண்டு. தயிரோ, குப்பி அமிலமோ, உட்புறம் பீய்ச்சிக் கழுவுவதோ வேண்டாம். நாற்றம், அரிப்பு, நிறம் மாறிய கசிவு இருந்தால் முதலில் பரிசோதனை.

அடர் அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். சோடா மாவைத் தேடி ஓடாதீர்கள். கண் என்றால் கழுவியபின் நேராக மருத்துவமனை. பாதுகாப்புத் தரவுத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

8. உடற்பயிற்சி

ரத்தத்தின் பிஎச் 7.4. அந்த நிலையில் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான் அமில வடிவில் இருக்கும், மற்றதெல்லாம் லாக்டேட். அது கழிவும் அல்ல. இதயம் அதை எரிபொருளாக எரிக்கிறது, கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. கடும் ஓட்டத்தில் ஏறிய அளவு ஓய்வெடுத்தால் சுமார் ஒரு மணிநேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். 24 முதல் 72 மணிநேரம் கழித்து உச்சத்துக்கு வரும் தசைவலிக்குக் காரணம் நார்களில் ஏற்பட்ட நுண்காயமும் வீக்கமும்தான். எனவே லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் என்று விற்கும் பானம், மசாஜ் எதற்கும் அந்தக் காரணத்துக்காகப் பணம் தராதீர்கள். ஓடி முடித்ததும் பத்து நிமிடம் மெல்ல நடந்தால் லாக்டேட் சீக்கிரம் குறையும். மறுநாள் வலி அதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

9. லாக்டேட் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால்

சீட்டை முதலில் படியுங்கள். லாக்டேட் வேறு, லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் வேறு. இரண்டாவது ஒரு நொதி; பெயர் ஒத்திருப்பதால் தவறான பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட வாய்ப்புண்டு.

அன்று காலை உடற்பயிற்சி வேண்டாம். படியேறி வந்திருந்தால் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்காதீர்கள். ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டை நீண்டநேரம் இறுக்கியிருந்தாலும் எண் பொய்யாக ஏறும். வழக்கமாக ஃபுளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து விரைவாக ஆய்வகம் சேர்ப்பார்கள். சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் கிடந்தால், ரத்த அணுக்களே சர்க்கரையை லாக்டேட்டாக்கிக்கொண்டிருக்கும். ஆய்வகம் வேறு இடத்தில் இருந்தால் மாதிரி எப்போது போகும் என்று கேட்டுவிடுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: மருத்துவர் சீட்டு, பழைய அறிக்கை, எடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியல். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், நுண்ணுயிர்க்கொல்லியான லினெசோலிட், மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், சில எச்ஐவி மருந்துகள், மது ஆகியவை இந்த எண்ணைப் பாதிக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தக்கூடாது. அதனால் லாக்டேட் அளவுக்கு மீறி ஏறும் அபாயம் சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் கூடுதல்.

அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிமோல் என்றால் ஓய்விலிருப்பவருக்குச் சுமார் 0.5 முதல் 2 வரை இயல்பு. டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றால் அந்த எண்ணை 9ஆல் வகுக்க வேண்டும். 18 என்று வந்தால் அது 2தான். 4 மில்லிமோலைத் தாண்டி, கூடவே காய்ச்சல், வேகமான மூச்சு, வாந்தி, குழப்பம் இருந்தால் மறுநாள் வெளிநோயாளிப் பிரிவுக்குக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை அறுவை செய்து எடுத்தவர்களுக்கு மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால், அந்த அறுவை பற்றிய விடுவிப்புச் சீட்டையும் காட்டுங்கள். அவர்களிடம் ஏறுவது டி வடிவ லாக்டேட். வழக்கமான பரிசோதனையில் அது தெரியாது, தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.